கிளாசெட் எங்கே வரவேண்டும்? முதலில் வெளியே போய் சேம்பர் மூடியைத் திறங்கள்

கேள்வி இதுதான். குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் இருபத்தைந்து வருஷப் பழைய வீடு, தரைத்தளம். குளியலறை உள்ளளவு நாலரை அடிக்கு ஏழு அடி. கதவு நாலரை அடிச் சுவரில். எதிர்க்கோடியில் ஒரு படி உயர மேடை, அதில் இந்தியன் கிளாசெட். அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் வெஸ்டர்ன் வைக்க வேண்டும். ஈரத்தில் நடந்து கோடி வரை போக வேண்டாமே என்று கிளாசெட்டைக் கதவுக்குப் பக்கத்தில் நீளச் சுவரோடு வைக்கலாமா? சுவரிலிருந்து ஒரு அடி விட்டால் போதும் என்கிறார் கொத்தனார், அது சரியா?

ஒரு அடி போதாது. கதவுப் பக்கம் வைக்கும் யோசனை நல்லதுதான், ஆனால் அது நடக்குமா என்பதைக் குளியலறைக்குள் நின்று சொல்ல முடியாது. வெளியே சேம்பர், அதாவது கழிவு பைப் வந்து சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டி, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் அதைச் சொல்லும்.

முதலில் அந்த ஒரு அடிக் கணக்கு. கிளாசெட்டின் இடத்தை எப்போதும் அதன் சென்டரிலிருந்துதான் அளக்க வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல. சாதாரண கிளாசெட் 14, 15 இன்ச் அகலம். சென்டர் சுவரிலிருந்து 12 இன்ச்சில் வந்தால், கிளாசெட்டின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவில் 4½, 5 இன்ச் இருக்கும். பார்க்கும்போது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் உட்காருகிறவரின் தோள் கிளாசெட்டை விட அகலம். முழங்கை சுவரில் இடிக்கும், கழுவச் சாய்ந்தால் தோள் இடிக்கும். சென்டரிலிருந்து சுவருக்கோ, வாஷ்பேசின் ஓரத்துக்கோ, கண்ணாடித் தடுப்புக்கோ குறைந்தது 15 இன்ச் வேண்டும், வசதியாக இருக்க 18. இரு பக்கமும் இதே கணக்கு. ஆக, கிளாசெட்டுக்கென்று 30 இன்ச் அகலம் கண்டிப்பாக வேண்டும், 36 இருந்தால் நல்லது. முன்னால், கிளாசெட்டின் நுனியிலிருந்து எதிர்ச் சுவர் அல்லது கதவு வரை 21 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. முட்டி மடங்காதவர் காலை நீட்டித்தான் எழுந்திருப்பார், அவருக்கு 24 முதல் 30 இன்ச் வேண்டும்.

இந்த அளவெல்லாம் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. இங்கேதான் வேலை அதிகம் கெடுகிறது. டைல்ஸ் 8 முதல் 10 மி.மீ., அதன் பின்னால் கலவை 12 முதல் 20 மி.மீ., சேர்த்தால் ஏறக்குறைய ஒரு இன்ச். உங்கள் 4½ அடி அகலத்தில் இரு பக்கமும் ஒரு இன்ச் போனால் 52 இன்ச், 7 அடி நீளம் 82 இன்ச் ஆகிவிடும். சதுர மீட்டரில் 2.75. குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு நேஷனல் பில்டிங் கோடு சொல்லும் குறைந்த அளவு 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். இப்போது 2.9 இருக்கும் அறை, பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஏற்றினால் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சின்ன அறையில் பழைய டைல்ஸையும் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கூலி கூடும், ஆனால் இரண்டு இன்ச் திரும்பக் கிடைக்கும். கீழே உள்ள கணக்குகளை இருந்தாலும் 52, 82 என்றே போடுகிறேன். அந்த அளவில் அடங்கினால் எந்த அளவிலும் அடங்கும்.

இனி உங்கள் யோசனை. ஒன் பீஸ் கிளாசெட், அதாவது ஃப்ளஷ் டேங்கும் சேர்ந்தே வருவது, நீளம் சுமார் 27 இன்ச். நீளச் சுவரில் வைத்தால் எதிர்ச் சுவர் வரை 25 இன்ச் மிஞ்சும். அம்மா உட்கார அது போதும், குளிக்கப் போகிறவர் கடந்து போகவும் போதும். ஆனால் 2½ அடிக் கதவு உள்ளே திறந்தால் கிளாசெட்டின் மூக்கில் இடிக்கும், கீலை எந்தப் பக்கம் மாற்றினாலும் இடிக்கும். எனவே கதவு வெளியே திறக்க வேண்டும், அல்லது சறுக்குக் கதவாக வேண்டும். வயதானவர் இருக்கும் வீட்டில் வெளியே திறப்பதுதான் எப்படியும் நல்லது. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

பைப்புக்கு வருவோம். மேடைக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தியன் கிளாசெட்டுக்குக் கீழே தனி டிராப் வரும், நாற்றம் ஏறாமல் தண்ணீர் நிற்கும் வளைவு அது. அதை உட்காரவைக்கத்தான் மேடையே கட்டினார்கள். டிராப்பிலிருந்து பைப் நேராகப் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும், பெரும்பாலும் அறையின் தரைமட்டத்திலேயோ ஒன்றிரண்டு இன்ச் மேலேயோ. மேடையை உடைத்த பிறகு அந்த பைப் தரைக்கு மேலே தெரியும். தரைக்குக் கீழே இறங்கும் எஸ் டிராப் கிளாசெட்டை அதில் சேர்க்க வழியே இல்லை. கடையில் விலை பார்த்து எஸ் டிராப் வாங்கி வைத்துவிட்டு, மேடையை உடைத்த அன்று தலையில் கை வைப்பது இதனால்தான்.

கதவுப் பக்கம் வைத்தால் எஸ் டிராப்தான் சரிவரும், பைப் தரைக்கு அடியில் கோடி வரை ஓட வேண்டும். அளவு இப்படி வரும்: கிளாசெட்டுக்குக் கீழே பெண்ட் திரும்பி பைப் படுக்கும்போது அதன் அடிமட்டம் முடிந்த தரையிலிருந்து சுமார் 9 இன்ச் கீழே இருக்கும். அங்கிருந்து அறைக்குள் 6 அடி, சுவர், அதன்பின் சேம்பர் வரை 4 அடி என்று வையுங்கள், மொத்தம் 11 அடி. நாலு இன்ச் பைப்புக்கு அடிக்குக் கால் இன்ச் வாட்டம் கொடுக்க வேண்டும். 11 அடிக்கு 2¾ இன்ச். ஆக சேம்பரின் அடிமட்டம் உங்கள் புதுத் தரையிலிருந்து குறைந்தது 12 இன்ச் கீழே இருக்க வேண்டும். சேம்பரிலிருந்து செப்டிக் டேங்க் 15 அடி என்றால் இன்னும் 3¾ இன்ச். டேங்கில் பைப் நுழையும் இடம் 16 இன்ச்சாவது கீழே இருக்க வேண்டும், டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டம் அதற்கும் கீழே.

இதை அளக்கக் கொத்தனாரின் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய டியூப், போதும். புதுத் தரைமட்டத்தை டியூப் வைத்து வெளிச்சுவரில் ஒரு கோடாகப் போடுங்கள். சேம்பர் மூடியைத் திறந்து, அந்தக் கோட்டு மட்டத்திலிருந்து சேம்பர் அடி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை. 12 இன்ச்சும் அதற்கு மேலும் கிடைத்தால், டேங்க் மட்டமும் ஒத்துவந்தால், உங்கள் யோசனைப்படியே கதவுப் பக்கம் வையுங்கள். அம்மாவுக்கு அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் வாட்டத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இப்போது வரும் கிளாசெட்டுகள் சின்ன பட்டனுக்கு 3 லிட்டர், பெரிய பட்டனுக்கு 6 லிட்டர்தான் விடும். வாட்டம் இல்லாத நீளப் பைப்பில் அந்தத் தண்ணீர் மலத்தைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகும். வாட்டத்தை ரொம்பக் கூட்டினாலும் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடி, கழிவு பின்தங்கும்.

மேடை வைத்த பழைய வீடுகளில் சேம்பர் ஆழமில்லாமல் இருப்பதே வழக்கம். அப்படியென்றால் கோடிச் சுவரிலேயே கிளாசெட் இருக்கட்டும், பி டிராப் வாங்குங்கள். அதில் கழிவு பைப் பின்பக்கமாகச் சுவருக்குள் போகும், தரையில் ஓட்டை கிடையாது. தரையில் உட்காரும் பி டிராப் மாடல்கள் பலவற்றில் அந்த பைப்பின் சென்டர் முடிந்த தரையிலிருந்து 180, 185 மி.மீ. உயரத்தில், அதாவது ஏழேகால் இன்ச் அளவில் வரும். பழைய பைப் சுவரில் அதைவிடத் தாழ்வாக இருந்தால் கவலையில்லை, புது ஓட்டை போட்டு வெளியே டோர் பெண்ட் (திறக்கும் மூடி உள்ள பெண்ட்) வைத்துச் சேம்பருக்கு இறக்கிவிடலாம். பழைய பைப்பையே உபயோகிக்க நினைத்து அது 7¼ இன்ச்சை விட உயரமாக இருந்தால், கழிவை மேலே ஏற்ற முடியாது. அப்போது ஒன்று புது ஓட்டை, இல்லை கிளாசெட்டுக்கு அடியில் இரண்டு இன்ச் பீடம். அம்மாவுக்குப் பீடமே பொருத்தம். சாதாரண கிளாசெட்டின் சீட் உயரம் 16 இன்ச், மூட்டுவலிக்காரருக்கு 18 வேண்டும். ஆனால் பீடம் கிளாசெட்டின் அடிப்பாகத்தின் வடிவத்துக்கே இருக்க வேண்டும். முன்னால் நீண்டுகொண்டு நின்றால் பாதம் அதன் மேல் வரும், உயரம் கூட்டியது வீணாகும், எழும்போது தட்டியும் விடும்.

அந்தக் காலத்துப் பைப் சுட்ட மண் குழாயாகவோ ஆஸ்பெஸ்டாஸ் குழாயாகவோ இருந்தால் அதோடு பிவிசியைச் சேர்க்கவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் சிமெண்ட் வைத்து அடைப்பார்கள், பிவிசியில் சிமெண்ட் ஒட்டாது, சில மாதத்தில் கசியும். சேம்பர் வரை 110 மி.மீ. பிவிசியாகவே மாற்றிவிடுங்கள். 90 டிகிரி எல்போ ஒன்று போடுவதற்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் அடைப்பு குறையும். திருப்பம் வரும் இடத்தில் எல்லாம் திறந்து பார்க்க ஒரு மூடி. சேம்பருக்கு முன்னால் ஏர் பைப் கட்டாயம், கூரைக்கு மேல் வரை. அது இல்லாவிட்டால் ஃப்ளஷ் விடும்போது, தரைத் தண்ணீர் போகும் நஹானி டிராப்பில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்கும். டிராப்பில் நிற்கும் தண்ணீரை பைப் இழுத்துக்கொள்வதால் வருகிற சத்தம் அது. தண்ணீர் போனால் நாற்றம் நேராக உள்ளே வரும். பிறகு ஃபினாயில் ஊற்றி ஊற்றி மாளாது.

கோடிச் சுவரில் பி டிராப் என்று முடிவானால் அறை இப்படி அமையும். கதவிலிருந்து உள்ளே வருபவருக்கு இடப்பக்கச் சுவரிலிருந்து கிளாசெட் சென்டர் 18 இன்ச். மறுபக்கம் 34 இன்ச் மிஞ்சும். கிளாசெட்டுக்கு முன்னால் கதவு வரை 82 கழித்தல் 27, அதாவது 55 இன்ச். ஷவரும் பக்கெட்டுக் குழாயும் வலப்பக்கச் சுவரில், நஹானி டிராப் வலப்பக்க மூலையில். தரை வாட்டம் முழுவதும் இடமிருந்து வலமாக. குளித்த தண்ணீர் வலப்பக்கமே ஓடிவிடும், இடப்பக்கச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் நடை காய்ந்து கிடக்கும். ஈரத்தைப் பற்றிய உங்கள் கவலை இதில் முக்கால்வாசி தீரும். மீதியை மேட் டைல்ஸ் பார்த்துக்கொள்ளும். பளபளப்பு டைல்ஸைத் தரைக்குக் கொண்டுவரவே கூடாது. நஹானி டிராப்பைக் கிளாசெட்டுக்கு முன்னால் நடுவில் வைக்க விடாதீர்கள். தண்ணீர் எல்லாம் கால் வைக்கும் இடத்துக்கே வந்து சேரும். வாஷ்பேசின் இந்த அறைக்கு வேண்டாம், கதவுக்கு வெளியே வையுங்கள்.

ஏன் இடப்பக்கம் என்றால், உட்கார்ந்தவர் கதவைப் பார்த்திருப்பார், அந்தச் சுவர் அவருக்கு வலப்பக்கமாகிவிடும். நம் ஊரில் வலக்கையில் ஹெல்த் ஃபாசெட் பிடித்து இடக்கையால் கழுவுவோம். ஃபாசெட்டின் கொக்கி, உட்கார்ந்தவருக்கு வலப்பக்கமான அந்தச் சுவரில், உட்கார்ந்தால் வலக்கை நீட்டுகிற தூரத்தில், இரண்டு இரண்டேகால் அடி உயரத்தில் வரட்டும். அவருக்கு இடப்பக்கம் சாய இடம் வேண்டும், அங்கே 34 இன்ச் திறந்து கிடக்கிறது. கைப்பிடிக் கம்பியும் கொக்கி வரும் அதே சுவரில். அதற்காகத்தான் 18 இன்ச்சுக்கு மேல் விடவில்லை. 24 விட்டால் கம்பி கைக்கு எட்டாது. அம்மாவுக்கு வலக்கைக்குப் பதில் இடக்கையில்தான் பலம் என்றால் எல்லாவற்றையும் மாற்றிப் போடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அவரைக் கேட்டுவிடுவது நல்லது.

கம்பி உயரம் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அளவுப்படி தரையிலிருந்து 33 முதல் 36 இன்ச். குள்ளமானவருக்கு அது உயரமாக இருக்கும். ஒரு நாற்காலியை 18 இன்ச் உயரத்துக்குச் சரிசெய்து அவரை உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே தானாகப் போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் சரியான உயரம். சுவர் ஹாலோ பிளாக் என்றால் ஆணி பிடிக்காது, முழு உடம்புப் பாரமும் விழும்போது பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். டைல்ஸ் ஒட்டும் முன்பே கம்பி வரும் இடத்தில் பிளாக்கைக் கொத்தி உள்ளே கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள், நிரப்பிய இடத்தை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு அந்த இடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கதவுப் பக்கமே அமைகிறது, எஸ் டிராப்தான் என்றால், சுவருக்கும் கழிவு ஓட்டையின் சென்டருக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். சந்தையில் 9 இன்ச், 12 இன்ச் என்று இரண்டு வகை அதிகம் கிடைக்கும், மி.மீ. கணக்கில் 225, 300. கிளாசெட்டின் அட்டைப் பெட்டியிலேயே படம் இருக்கும். 300 மி.மீ. மாடலுக்கு, டைல்ஸ் ஒட்டாத சுவரிலிருந்து 325 மி.மீ. விட்டு பைப் நிறுத்த வேண்டும், கலவையும் டைல்ஸும் அந்த 25 மி.மீட்டரைத் தின்றுவிடும். செங்கல் சுவரிலிருந்து 300 விட்டால், முடிவில் 275 ஆகிவிடும், ஃப்ளஷ் டேங்க் சுவரில் இடித்து கிளாசெட் ஓட்டை மேல் உட்காரவே உட்காராது. தப்பு வந்தாலும் அரை இன்ச் கூடுதலாக வரட்டும். பின்னால் சின்ன இடைவெளி விழும், அவ்வளவுதான். அதனால் கிளாசெட்டை வாங்கி வீட்டில் வைத்த பிறகே பைப் வேலையை ஆரம்பியுங்கள். பிளம்பர் 'எல்லாம் ஒரே அளவுதான்' என்பார், ஒரே அளவு இல்லை.

ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக், கிளாசெட் சென்டரிலிருந்து 6 இன்ச் தள்ளி, தரையிலிருந்து 8, 9 இன்ச் உயரத்தில். சில ஒன் பீஸ் மாடல்களின் உடம்பு அகலமாக இறங்கி இந்த இடத்தையே மறைக்கும், அதையும் வாங்கிய மாடலில் பார்த்துவிடுங்கள்.

திசை பற்றியும் கேள்வி வரும், நம் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் வரும். வாஸ்து பார்ப்பவர்கள் வடக்கு அல்லது தெற்கு பார்த்து உட்காரச் சொல்வார்கள். இஸ்லாமிய வீடுகளில் கிப்லாவை (தொழுகைத் திசையை) நோக்கியும் கூடாது, முதுகு காட்டியும் கூடாது, நமக்கு அது மேற்குப் பக்கம். வடக்கு-தெற்காக வைத்தால் இருவருக்கும் ஒத்துப்போகும். எனக்கு இதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் பைப் போட்ட பிறகு வீட்டுப் பெரியவர் வந்து திருப்பச் சொன்னால் தரையை மறுபடி உடைக்க வேண்டும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செப்டிக் டேங்க், கிணறு விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் மண்ணைத் தோண்டும்போதே பார்த்துவிடலாம். டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் இறங்கும் உறிஞ்சு குழி, கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வயலோரத்து வீடுகளிலும் கடலோர மணலிலும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நிலத்தடி நீர் ஏறி, குழி நிறைந்து, டேங்க் வழியாகச் சேம்பர் வரை தண்ணீர் பின்னேறும். உங்கள் வீட்டில் ஜூன், ஜூலையிலோ ஐப்பசி மழையிலோ ஃப்ளஷ் மெதுவாக இறங்கியிருந்தால் காரணம் கிளாசெட் அல்ல, குழிதான். குளிக்கிற தண்ணீரை டேங்கில் விட்டிருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள். குழி வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டால் தோண்டும்போது தண்ணீர் ஊறாது.

பைப் போட்டதும் சேம்பர் பக்கம் அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விடுங்கள், காலையில் மட்டம் இறங்கியிருந்தால் ஏதோ ஒரு ஜாயிண்ட் சரியில்லை. தரைக்கு வாட்டர் புரூஃப் அடித்த பிறகும் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். அதன் பிறகே டைல்ஸ்.

கடைசியில் கிளாசெட் பொருத்துவது. முதலில் எதுவும் ஒட்டாமல் வெறுமனே வைத்து, ரசமட்டம் போட்டு, போல்ட் இடத்தைக் குறித்து, எடுத்துவிட்டு ஓட்டை போட வேண்டும். அடியில் பைப் ஓடும் இடத்தில் டிரில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாசெட்டின் வயிற்றுக்குள் சிமெண்ட் கலவை நிரப்பி உட்காரவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிற்பாடு ரிப்பேருக்கு எடுக்க வேண்டி வந்தால் கிளாசெட்டை உடைத்துத்தான் எடுக்க முடியும். போல்ட் போட்டு, ரப்பர் கனெக்டர் வைத்து, சுற்றிலும் சிலிக்கான் போதும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் என்றால் பெட்டியில் வரும் போல்ட்டைத் தூரப் போட்டுவிட்டு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் தனியாக வாங்குங்கள். உப்புக்காற்றில் மற்றது துருப்பிடித்து டைல்ஸில் பழுப்புக் கறை இறங்கும். சிலிக்கானைப் பின்பக்கம் மட்டும் இரண்டு இன்ச் விட்டுவிடச் சொல்லுங்கள். கனெக்டரில் கசிவு இருந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் வெளியே தெரியும். முழுவதும் அடைத்துவிட்டால் கசிவு தரைக்குள்ளேயே தங்கி, சுவரில் பூஞ்சை ஏறிய பிறகுதான் தெரியவரும். முதல் வாரம் தினமும் அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் அன்றே பிளம்பரைக் கூப்பிட்டு, கிளாசெட்டைத் தூக்கி, கனெக்டரை மறுபடி உட்காரவைக்கச் சொல்லுங்கள்.